தோணி ஏறாத பிள்ளைகள்

‘கள்ளத்தோணி’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை. தென்பாண்டிச் சீமையிலும் இலங்கையிலும் அதைக் கேளாத காது இராது. கடவுச்சீட்டும் அனுமதியும் இல்லாமல் இரவோடிரவாகக் கடல் கடந்து வந்தவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் வழக்கில் அச்சொல் அந்த அளவோடு நின்றதில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, தோணி என்பதையே கண்ணால் கண்டறியாத முதியவளும் இலங்கையில் அப்பெயரால் ஏசப்பட்டாள். அதே விந்தை இன்று நம் கரையிலும் நடக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து, இம்மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத இளைஞர்கள் பல்லாயிரவர், சட்டத்தின் கண்ணுக்குச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களாகத் தோன்றுகிறார்கள். அவர்களைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறேன். நடுநடுவே சட்டத்தின் பிரிவுகளையும் தொட்டாக வேண்டும். நேயர்கள் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

நான் சோழவந்தான்காரன். வைகைக் கரையில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கண்ணுக்குக் குளிர்ந்து கிடக்கும் எங்கள் பகுதியைப் பார்க்கிறவர்கள், இம்மாவட்டத்திலிருந்தா மக்கள் பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்தார்கள் என்று கேட்பார்கள். பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது 1895ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்நாட்டைச் சூறையாடிற்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து அக்காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள். ‘கண்டிச் சீமைக்குப் போனான்’ என்பது முதியோர் வாயில் வழங்கிய தொடர். போனவன் திரும்பினாலும் செய்தி, திரும்பாவிட்டாலும் செய்தி.

முதலில் அங்கே இருந்தது காப்பிப் பயிர். பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் வேண்டும். பருவம் முடிந்தால் ஊர் திரும்பலாம். 1869ஆம் ஆண்டை ஒட்டி இலைநோய் கண்டு காப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் கேட்கும் செடி. ஆகவே ஆடவர் மட்டும் போய்வந்த வழக்கம் மாறிக் குடும்பம் குடும்பமாக லயன் வீடுகளில் தங்கினார்கள். ஒரு பயிர் மாறியதில் ஒரு மக்கட் கூட்டத்தின் ஊரே மாறிவிட்டது.

இவர்களிடம் அந்நாளில் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, உறவுமுறை சொல்லி அழைத்துச் சென்றான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆவணம் ஒன்று உண்டு. அது தகரத்தால் ஆனது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்று எண் பொறித்த ஒரு தகரச் சீட்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். சரக்கு மூட்டைக்கு முத்திரை குத்துவதைப் போன்ற ஏற்பாடு. மண்டபத்தில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாமில் வைத்து, நோய் இல்லை என்று கண்டபின் கப்பலேற்றினார்கள். அந்த மண்டபம் முகாமை மறந்துவிடாதீர்கள். அது மீண்டும் வரப்போகிறது.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு இயற்றப்பட்ட 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே வேரூன்றாத காலத்தில், லயன் வீட்டில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழை எங்கே தேடுவது? 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. இதை எதிர்த்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 1954 ஜனவரியில் ஜவஹர்லால் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடு. களவாகக் குடியேறுவதைத் தடுக்க இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்பது அதன் முதல் நோக்கம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் இல்லாத வயது வந்தோரின் பதிவேடு ஒன்று தயாரானபின், அதில் பெயரில்லாதவர் எவரேனும் இந்திய மொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அவர் களவாக வந்தவர் என்றே கருதப்படுவார் என்ற ஒரு விதியும் அதில் இருந்தது. குற்றம் சாட்டுகிறவர் மெய்ப்பிக்க வேண்டும் என்பதுதான் நாம் அறிந்த நீதி. இங்கே அது தலைகீழாயிற்று. வாயில் தமிழ் இருந்தால் போதும், அதுவே சாட்சி.

பின்னர் 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எஞ்சியவர்களை 1974இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பேச்சு நடந்தபோது எந்தத் தோட்டத் தொழிலாளியையும் உனக்கு எந்த நாடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் சிலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அமர்ந்தார்கள். சிலர் கொடுத்த கடனைக் கொண்டு ஊருக்கு ஊர் கடை வைத்து, நட்டப்பட்டு, கூலிக்குப் போனார்கள். ‘சிலோன்காரர்’ என்று இங்கே அவர்களுக்குப் பெயர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மக்கள் படகேறினார்கள். அப்படிக் கரை சேர்ந்தவர்களைப் பதிவு செய்து அனுப்பிய இடம் அதே மண்டபம் முகாம். வந்தவர்களில் யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலை மக்கள் உண்டு. சாஸ்திரியார் ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்வதாக வாக்களித்திருந்த மலைநாட்டுத் தமிழரும் உண்டு. முன்னிரண்டு தலைமுறைக்கு முன் எந்தக் கரையிலிருந்து பாட்டன் போனானோ அதே கரைக்குப் பேரன் அகதி என்ற பெயரோடு வந்து சேர்ந்தான். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் துறையில் பதிந்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தார்கள். எங்கள் மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் முதலில் மிகவும் தாராளமானது. 1950 ஜனவரி 26 முதல் இந்நாட்டில் பிறந்த எவரும், தாய் தந்தையர் யாராயினும், பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் இது மாறிற்று. அன்று தொட்டுப் பிறந்த பிள்ளைக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிற்று. இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வராதவராகவும் இருக்க வேண்டும். செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி வந்த அயல்நாட்டார் அனைவரும் சட்டவிரோதமாக வந்தவரே என்பது சட்டத்தின் வரையறை. அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வாயில் அடைபட்டுள்ளது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு வாங்கி வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதன் விளைவை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். 1984இல் வந்த தம்பதியருக்கு 1986இல் முகாமில் மூத்த மகள் பிறக்கிறாள்; 1988இல் தம்பி பிறக்கிறான். ஒரே ஓட்டுக் கொட்டகை, ஒரே தாய், ஒரே பள்ளிக்கூடம். அக்காள் இந்தியக் குடிமகள்; தம்பி சட்டவிரோதமாகக் குடியேறியவன். அவன் குடியேறிய வழி தாயின் வயிறு ஒன்றுதான்.

அக்காளின் உரிமைகூடத் தானாக வந்துவிடவில்லை. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்மணி கடவுச்சீட்டுக் கேட்டு விண்ணப்பித்தபோது, அகதி என்று சொல்லி மறுத்தார்கள். அவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், சட்டம் சொல்லும் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அவர் குடிமகளே என்று கண்டு, கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டார். 1955 முதல் ஏட்டில் இருந்த விதிதான். அது அவரை வந்தடைய முப்பத்தாறு ஆண்டு பிடித்தது.

சென்ற பருவத்தில் எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச வந்த ஆட்களில் ஓர் இளைஞர் முகாமைச் சேர்ந்தவர். வணிகவியல் பட்டதாரி. முகாம்களில் இவ்வேலைக்குப் போகிறவர் பலர். கற்ற கல்விக்குரிய உத்தியோகம் கிட்டாதபோது தூரிகை கைக்கு எளிதில் வருகிறது. எப்போது வந்தீர்கள் என்று வழக்கம்போல் கேட்டேன். “நான் எங்கேயிருந்தும் வரவில்லை ஐயா, இங்கேதான் பிறந்தேன். என் அம்மா வந்தாங்க” என்றார். முகாமில் குறித்த நாட்களில் தணிக்கை நடக்கும். அன்றைக்கு நேரில் நிற்காவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். ஆகையால் வெளியூரில் தொடர்ந்து வேலை பார்க்க முடியாது. சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது. வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு இல்லை. “வங்கியில் போய்க் கடன் கேட்டால் முகாம் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது சோழவந்தானில் விளைந்தது, வேறெங்கும் விளைந்ததன்று என்று இந்திய அரசு அளித்த பிறப்புச் சான்று அது. கொடிக்காலில் நட்ட கொடி எங்கிருந்து வெட்டி வந்த நறுக்கு என்று யாரும் கேட்கவில்லை. இந்த மண்ணும் இந்தத் தண்ணீரும் அதற்குக் காரத்தைக் கொடுத்தன, அது போதும் என்றார்கள். அந்த இளைஞர் நான் தாம்பூலத்தில் வைத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டபோது இது என் நினைவுக்கு வந்தது, அவரிடம் சொல்லவில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லை என்று ஒன்று இருந்தால் காவல் வேண்டும். பாக் நீரிணை அகலம் குறைந்த கடல். மீன்பிடி வள்ளம் ஓர் இரவில் கடந்துவிடும். 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் நடந்ததை இந்நாடு மறக்காது. அதற்குப் பின் முகாம்களின்மேல் வைத்த கண் வெறும் சந்தேக புத்தியால் மட்டும் வைத்தது என்று சொல்லிவிட முடியாது. இன்று ஒரு சாராருக்கு விலக்குக் கொடுத்தால் நாளை வேறு எல்லைகளில் வந்தவர்களும் அதையே கேட்பார்கள் என்பது அதிகாரிகளின் கவலை. இலங்கைத் தமிழ்த் தலைவர்களிலும் சிலர், இம்மக்கள் அனைவரும் இந்தியராகிவிட்டால் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தொகை குறைந்துபோகுமே என்று வருந்துகிறார்கள். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு வந்தபோது, உலகமெல்லாம் வந்து தங்க இந்தியா தர்ம சத்திரமா என்று நீதிபதி கேட்டதாகப் பத்திரிகைகளில் படித்தோம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சத்திரம் என்பது அத்தனை தாழ்ந்த சொல்லாகப் படவில்லை. எனினும் அவ்வினாவின் உட்கருத்து எனக்குப் புரிகிறது. சத்திரத்துக்கு வருகிறவன் போகவும் வேண்டும்.

ஆனால் இவ்வாதங்கள் எல்லாம் கடலைக் கடப்பவரைப் பற்றியவை. முகாமில் பிறந்த பிள்ளை எந்தக் கடலையும் கடக்கவில்லை. வாயிற்காவலன் வாயிலில் விழிப்பாக இருக்க வேண்டியது சரியே. வீட்டுக்குள் பிறந்த குழந்தையை அவன் வந்து ‘எந்த வழியாக நுழைந்தாய்?’ என்று கேட்பது காவல் ஆகாது. 2022 மார்ச்சு முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் மீண்டும் மக்கள் வந்திறங்கினார்கள். அவர்களை எப்படி நடத்துவது என்பது ஒரு வினா. நாற்பது ஆண்டாக இங்கே வேர்விட்ட குடும்பத்தின் பேரனை எப்படி நடத்துவது என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் விவாதம் முன்னும் பின்னும் நகராமல் நிற்கிறது என்பது என் கருத்து. கட்சிப் பெயர்களை இங்கே எடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லாக் கட்சியாரும் ஏதேனும் ஒரு காலத்தில் இப்பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் எதிர்க்கட்சியாக இருக்கும் காலத்தில்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு உண்டு. அங்கே டெக்சாஸ் மாகாணம் அனுமதியின்றி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கப் பார்த்தது. 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்று, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், தடுத்துவிட்டது. 2012 ஜூன் மாதத்தில் அதிபர் ஒபாமா, சிறுவயதில் கொண்டுவரப்பட்ட இளைஞரை நாடு கடத்தாமல் இரண்டிரண்டு ஆண்டாக விட்டுவைத்து வேலை செய்யவும் அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அது சட்டமாகாமல் ஆணையாகவே நின்றதால் அதன் தலைமேல் வழக்குகள் தொங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன் என்று அந்நாட்டு அரசியல் சாசனமே 1868 முதல் சொல்கிறது. அங்கு நடக்கும் வாதம், பெரும்பாலும், கையில் பிடித்து அழைத்துவரப்பட்ட குழந்தையைப் பற்றியது. நம்முடையதோ இங்கேயே பிறந்தவரைப் பற்றியது.

கல்வியில் தமிழ்நாடு பின்வாங்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு சொல்லலாம். முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கிறார்கள். செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்விக்காகச் செய்த பணி பெரிது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவு செய்தது. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மாத உதவி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. வீடு வந்தது, பெயர் மாறியது. ஆனால் குடியுரிமை தருவது மாநிலத்தின் கையில் இல்லை, மைய அரசின் கையில் உள்ளது. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், 2014 இறுதிக்குள் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாரை ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்ற வரையறையிலிருந்து விலக்கிற்று. அப்பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தையொட்டிப் பிறந்த ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. சிறைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற மட்டில் அது ஆறுதல். குடியுரிமை பற்றி அவ்வாணை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பிப் போகலாமே என்பார் உண்டு. போனவர்களும் உண்டு, முதியோரில் பலருக்குச் சொந்த மண்ணில் கண்மூட ஆசை. ஆனால் 2025இல் யாழ்ப்பாண விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவர், முன்னொரு காலத்தில் கடவுச்சீட்டின்றி நாட்டை விட்டுப் போனார் என்ற குற்றத்துக்காகக் கைதானார் என்ற செய்தி முகாம்களில் பரவியபின் அந்த ஆசையிலும் நடுக்கம் கலந்துவிட்டது. போனதும் குற்றம், வந்ததும் குற்றம்.

மலைநாட்டுத் தமிழரின் வழக்கு இவற்றுள் மிகத் தெளிவானது. 2003இல் இலங்கையே ஒரு சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்துவிட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுப் பழியை அந்நாடு ஒரு சட்டத்தால் துடைத்தது. இங்கே முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினர் அறுபத்தைந்து பேர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை, 2019 ஜூனில், அவர்கள் வேர் இம்மண்ணிலேயே இருப்பதைச் சுட்டி, அவர்கள் மனுவைப் பரிசீலிக்குமாறு மைய அரசுக்குக் கூறியது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகாம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் தம் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஊரின் பிறப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று அங்கேயுள்ள அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெற்றோரோ பாட்டனோ 1964 ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தால், அந்த ரசீது, பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளத் துண்டு ஆகிய எதுவாயினும், கரையான் அரித்திருந்தாலும், எறிந்துவிட வேண்டா. படி எடுத்து வைத்துக்கொண்டு, மதுரையிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டலாம்.